குழப்படிக்கு யார் பொறுப்பு? கவனக் குறைபாடும் பெருந்தொற்றும் பெற்றோரும்

ஒரு பிள்ளை இருந்த இடத்தில் இருக்காமல், தொடங்கியதை முடிக்காமல், சொன்னது காதில் ஏறாமல் திரிந்தால் அதற்குக் காரணம் என்ன? மருத்துவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். ஊர் அதற்கும் முன்பிருந்தே சொல்லி வருகிறது. ஒருவர் மூளையைக் காட்டுகிறார், இன்னொருவர் வளர்ப்பைக் காட்டுகிறார். வகுப்பறையையும் வறுமையையும் போரையும் காட்டுவோர் உண்டு. தின்னும் தீனியையும் பார்க்கும் திரையையும் காட்டுவோரும் உண்டு.

2020 மார்ச்சில் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் பழைய கேள்வி புது வடிவில் வீட்டு வாசலுக்கு வந்தது. வகுப்பறையும் வீடும் ஒரே கூரைக்குள் அடங்கின. ஆசிரியரின் வேலையில் பெரும்பங்கு தாயின் தலையில் விழுந்தது. யாழ். குடாநாட்டில், வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூர் போன்ற ஒரு தோட்டக்காரக் கிராமத்தில் அந்த மாற்றம் எதைக் குறித்தது? அதுவரை சொல்லப்பட்ட விடைகளில் எவை அந்தச் சோதனைக்குத் தாக்குப்பிடித்தன? இக்கட்டுரை அவற்றை வரிசையாக எடுத்துப் பார்க்கிறது.

பெருந்தொற்றில் வேர்விட்ட விளக்கம்

1798 இல் ஸ்கொட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிறைற்றன், எதிலும் மனம் நிலைக்காத தன்மையைத் தனியாக விவரித்தார். அது பிறவியிலேயே அமையலாம் என்றும் வயது ஏற ஏறக் குறைவதுண்டு என்றும் எழுதினார். 1902 இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜோர்ஜ் ஸ்டில் ஆற்றிய விரிவுரைகளே இத்துறையின் தொடக்கமாகப் பலராலும் கொள்ளப்படுகின்றன. அறிவில் குறையில்லாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத 20 பிள்ளைகளை அவர் விவரித்தார். அவர்களில் 15 பேர் ஆண்பிள்ளைகள். பிள்ளைகளை நல்ல முறையில் வளர்த்த வீடுகளிலும் இத்தகையோர் இருந்ததை அவர் கவனித்தார். ஆனாலும் அதை 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்றே அழைத்தார். மருத்துவமும் ஒழுக்கத் தீர்ப்பும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட அந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

மூளையே காரணம் என்ற கருத்துக்கு உண்மையான பலம் வந்தது ஒரு கொள்ளைநோயிலிருந்துதான். 1917 அளவில் ஐரோப்பாவில் இனங்காணப்பட்டு, அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் பரவிய உறக்க மூளையழற்சி நோயிலிருந்து பல பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களில் கணிசமானோர் முன்பிருந்த பிள்ளைகளாக இருக்கவில்லை. ஓயாத அலைச்சல், சட்டென்ற கோபம், இரவில் விழிப்பும் பகலில் உறக்கமும் என்று மாறிப்போன அவர்களைப் பாடசாலைகளால் வைத்திருக்க முடியவில்லை. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தனர். மூளையைத் தாக்கிய ஒரு நோய் நடத்தையை இப்படி மாற்றுமென்றால், இதே நடத்தையுள்ள மற்றப் பிள்ளைகளின் மூளையிலும் ஏதோ நேர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தனர்.

அந்த ஊகம் பின்னோக்கி ஓடுவது. அதுவே அதன் பலவீனமும்கூட. நடத்தையை வைத்து, யாரும் காணாத காயம் ஒன்று இருப்பதாகக் கொள்ளப்பட்டது. 'மிகச் சிறிய மூளைச் சேதம்' என்ற பெயர் பல ஆண்டுகள் புழங்கிய பின், சேதத்துக்குச் சான்றில்லை என்பதால் 1960களில் கைவிடப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1968 இல் மிகைச் செயற்பாட்டையும், 1980 இல் கவனக் குறைபாட்டையும் முன்னிறுத்தியது. 1987 இல் இரண்டையும் இணைத்து இன்றைய ஏ.டி.எச்.டி. என்ற பெயருக்கு வந்தது.

மூளையும் மரபும்

மூளையும் மரபுமே அடிப்படை என்பதுதான் இன்று மிகுந்த ஆய்வுப் பலமுள்ள நிலைப்பாடு. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிடும் ஆய்வுகள், மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ முக்காற்பங்கை மரபோடு தொடர்புபடுத்துகின்றன. அமெரிக்கத் தேசிய உளநல நிறுவகம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, இப்பிள்ளைகளின் மூளை மேற்பட்டை முதிர்வது சராசரியாகச் சுமார் மூன்று ஆண்டுகள் பிந்துவதைக் காட்டியது. அதே ஆண்டில் பல நாட்டுக் கணக்கெடுப்புகளைத் தொகுத்த ஆய்வு, உலகப் பிள்ளைகளிலும் பதின்ம வயதினரிலும் ஏறத்தாழ 5 வீதத்தினருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது.

மருந்தின் வரலாறும் இதோடு சேர்ந்தது. 1937 இல் அமெரிக்காவின் றோட் ஐலண்டில் சாள்ஸ் பிராட்லி, தமது சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கிளர்ச்சி மருந்தைக் கொடுத்தபோது அவர்களில் பலர் எதிர்பாராத வகையில் அமைதியாக இருந்து படித்தனர். மூளையழற்சியால் பாதிக்கப்பட்ட மகளின் நினைவாக ஒரு குடும்பம் நிறுவிய இல்லம் அது. 1950களில் ரிட்டலின் என்ற பெயரில் சந்தைக்கு வந்த மெதைல்பெனிடேற் இலங்கையிலும் உளமருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்தாகும்.

இந்த நிலைப்பாட்டின் குறைகளையும் அதன் ஆதரவாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மூளைப் படங்கள் காட்டுவது கூட்டத்தின் சராசரியைத்தான். ஒரு தனிப் பிள்ளைக்கு இக்குறைபாடு உண்டா என்று அவற்றால் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனையும் கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டே முடிவு எடுக்கப்படுகிறது. மருந்தின் நீண்டகாலப் பயனும் தெளிவில்லாதது. 579 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1999 இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், 14 மாத முடிவில் முறையாக மருந்து பெற்றவர்கள் முன்னணியில் நின்றனர். மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

வளர்ப்பு

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி, வளர்ப்பே காரணம் என்ற நிலைப்பாட்டின் மிகப் பழைய வடிவம். பிள்ளைக்குச் செல்லம் கூடிவிட்டது, தகப்பனுக்குப் பயமில்லை, தாய்க்குக் கண்டிப்பில்லை என்று அது பல குரலில் பேசும். சட்டம் இந்த இடத்தில் சற்று முன்னே போயிருக்கிறது. இலங்கையின் கல்வி அமைச்சு 2005 இல் வெளியிட்ட 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடுத்தது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றமும் மாணவனை அடித்த ஒரு வழக்கில் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் விழும் அடி வேறு கதை.

இதே நிலைப்பாட்டின் ஆய்வு வடிவம் கண்டிப்பைப் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்காவின் ஒறிகனில் ஜெரால்ட் பற்றர்சன் 1970களிலும் 80களிலும் வீடுகளுக்குள் நடப்பதை நுணுக்கமாகக் குறித்தெடுத்தார். அவர் கண்ட சுழலைப் புத்தூரின் எந்தக் குசினியிலும் பொருத்திப் பார்க்கலாம். 'இருந்து எழுது' என்கிறாள் தாய். பிள்ளை எழும்புகிறான். இரண்டாம் முறை சற்று உரக்கச் சொல்கிறாள். அவன் சிணுங்குகிறான். மூன்றாம் முறை கத்துகிறாள். அவன் கொப்பியைத் தள்ளிவிடுகிறான். இனி இரண்டு வழிகள்தான். 'எக்கேடும் கெட்டுப் போ' என்று அவள் விட்டுவிட்டால், முரண்டு பிடித்தால் வேலையிலிருந்து தப்பலாம் என்று அவன் கற்கிறான். அகப்பைக் காம்பால் ஒன்று வைத்து அவன் அடங்கிவிட்டால், அடித்தால்தான் சரிவரும் என்று அவள் கற்கிறாள். இருவருமே அடுத்த நாள் இன்னும் வேகமாக அந்த இடத்துக்கு வந்து சேருவார்கள். பெற்றோர் பயிற்சித் திட்டங்கள் இச்சுழலை அறுக்கவே எழுந்தன. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, சிறு துண்டுகளாக வேலை, செய்தவுடன் பாராட்டு, முன்கூட்டியே தெரிந்த விளைவு என்பன அவற்றின் சாரம்.

இதற்கு எதிராக நிற்கும் சான்றுகள் இரண்டு. முதலாவது, காரணத்தின் திசை. மருந்து எடுத்த பிள்ளைகளின் தாய்மார் கட்டளையிடுவதும் கண்டிப்பதும் குறைந்ததை 1979 அளவிலேயே ரசல் பார்க்லியும் உடன் ஆய்வாளர்களும் கண்டனர். ஆகவே தாயின் கடுமையில் ஒரு பங்காவது பிள்ளையின் நடத்தைக்கு எதிர்வினையாக வந்ததே. இரண்டாவது, 2013 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. பயிற்சி பெற்ற பெற்றோரே மதிப்பிட்டபோது பிள்ளையின் கவனம் நன்கு முன்னேறியதாகத் தெரிந்தது. யார் பயிற்சி பெற்றார் என்று அறியாதவர்கள் மதிப்பிட்டபோது அந்த முன்னேற்றம் பெரிதும் சுருங்கியது. ஆனால் முரண்டு குறைவதும் பெற்றோரின் நடத்தை மாறுவதும் அத்தகைய மதிப்பீட்டிலும் நிலைத்தன என்று அடுத்த ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியது. வளர்ப்பு இக்குறைபாட்டை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. அதோடு வாழ்வது எவ்வளவு கடினமாகும் என்பதில் வளர்ப்புக்குப் பங்குண்டு என்று கொள்ளலாம்.

வகுப்பறையும் போரும்

மூன்றாவது நிலைப்பாடு பிள்ளையைச் சுற்றியுள்ளவற்றைப் பார்க்கிறது. 1970களில் சமூகவியலாளர் பீற்றர் கொன்ராட், வகுப்பறைக்கு ஒத்துவராத நடத்தையை நோயாக்கும் போக்கை விமர்சித்தார். அந்த விமர்சனத்துக்குப் பிற்காலத்தில் வலுவான ஓர் ஆதாரம் கிடைத்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பட்ட பல ஆய்வுகளில், ஒரே வகுப்பில் வயதால் இளைய பிள்ளைகளுக்கே இக்குறைபாடு இருப்பதாக அதிகம் முடிவு செய்யப்பட்டிருந்தது. இலங்கையில் சனவரி 31 ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிரம்பிய பிள்ளை முதலாம் தரத்தில் சேரலாம். சனவரியில் பிறந்த ஒருவனும் அதற்கு முந்திய பெப்ரவரியில் பிறந்த ஒருவனும் ஒரே வாங்கில் இருப்பார்கள். ஐந்து வயதில் ஓராண்டு இடைவெளி மிகப் பெரியது.

வடக்கில் இந்த நிலைப்பாட்டுக்குத் தனிக் கனம் உண்டு. யாழ். பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், 'மனவடு' முதலான நூல்களில், போரின் பாதிப்பைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். வடக்குக் கிழக்கில் 296 தமிழ் மாணவரிடம் நடத்தி 2008 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, போரும் ஆழிப்பேரலையும் தந்த பாதிப்போடு வீட்டு வன்முறையும் சேர்ந்து பிள்ளைகளின் மனநலத்தைக் கெடுப்பதைக் காட்டியது. தகப்பனின் குடிப்பழக்கமும் பிள்ளை கண்ட போரின் அளவும் வீட்டு வன்முறையோடு தொடர்புபட்டிருந்தன. அதிர்ச்சிக்குள்ளான பிள்ளையும் பாடத்தில் மனம் பதிக்காது, சிறு சத்தத்துக்கும் துள்ளும், இரவில் உறங்காது. வெளிப்பார்வைக்கு அதற்கும் கவனக் குறைபாட்டுக்கும் வேறுபாடு குறைவு.

2020 இல் புத்தூரில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை வைத்திருந்த பெற்றோரில் பலர், 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது தாங்களே பாடசாலைப் பிள்ளைகளாக இருந்த வயதினர். படிப்பு தடைப்படுவது அவர்களுக்குப் புதிதல்ல. அது அவர்களுக்குத் தாங்கும் பலத்தைத் தந்ததா, இல்லை பழைய அச்சத்தைக் கிளறியதா என்பதற்கு ஒரே விடை இருக்க முடியாது. இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. போரை நேரில் காணாத, 2010க்குப் பின் பிறந்த பிள்ளைகளிடமும், போரே காணாத நாடுகளிலும் இக்குறைபாடு காணப்படுவதை அதனால் மட்டும் விளக்க முடியாது.

தட்டும் திரையும்

இனிப்பைக் குறைத்தால் துடியாட்டம் அடங்கும் என்ற நம்பிக்கை பரவலானது. 1990களின் கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. செயற்கை நிறமூட்டிகளுக்குச் சிறிய விளைவு இருப்பதாக 2007 இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆய்வு கண்டது. இலங்கையிலேயே பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும், மருந்தால் போதிய பயன் கிடைக்காத 98 பிள்ளைகளுக்கு ஒமேகா கொழுப்பமிலங்களைக் கொடுத்துச் சோதித்து 2012 இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. அமைதியின்மை, முரட்டுத்தனம், வேலையை முடித்தல் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. கவனமின்மையில் அது தெளிவாகத் தெரியவில்லை. உணவு துணை செய்யலாம். முழு விடையாக அதைக் கொள்ள இடமில்லை.

திரை பற்றிய விவாதம் இன்னும் சிக்கலானது. 2018 இல் வெளியான லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வு, டிஜிட்டல் ஊடகங்களை அடிக்கடி பாவிக்கும் பதின்ம வயதினரிடம் இரண்டாண்டுக்குள் இத்தகைய அறிகுறிகள் சற்றுக் கூடுவதைக் கண்டது. திரை கவனத்தைச் சிதைத்ததா, சிதையும் கவனமே திரையைத் தேடியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். பெருந்தொற்று அந்த விவாதத்தில் ஒரு முரணைச் சேர்த்தது. அதுவரை வாங்கி ஒளித்துவைக்க வேண்டிய பொருளாக இருந்த போன், ஒரே நாளில் பாடப் புத்தகமாயிற்று.

புத்தூரில் பாடசாலை வீட்டுக்குள் வந்த காலம்

2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடின. 20 ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அரியாலையில் நடந்த ஒரு வழிபாட்டோடு தொடர்புபட்ட தொற்றுகளை அடுத்து, யாழ்ப்பாணம் இடர்மிகு மாவட்டங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டு அங்கு ஊரடங்கு நீண்டது. யூலை 6 முதல் படிப்படியாகத் திறந்த பாடசாலைகள் ஒக்டோபரில் மீண்டும் மூடின. அந்தக் கலக்கத்துக்கு நடுவில் ஒக்டோபர் 11 அன்று ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் நடந்தது. பின்னர் திறந்து, 2021 ஏப்ரில் இறுதியில் மீண்டும் மூடியவை ஒக்டோபர் 21 இல்தான் திறக்கத் தொடங்கின. முதலில் 200க்குக் குறைந்த மாணவருள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளே திறந்தன. இடையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து யூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலையும் நிறுத்தின. புத்தூருக்கு அருகே கோப்பாய்க் கல்வியியற் கல்லூரி கொவிட் சிகிச்சை நிலையமாக மாறியது.

ஒரு வழக்கமான பிள்ளைக்கே இந்தத் திறப்பும் மூடலும் தலைசுற்றல். நேரத்துக்கு நேரம் மணியடித்தால் ஒழுங்குக்கு வரும் பிள்ளைக்கு, மணியே இல்லாமற்போனது பெரிய இழப்பு. மணியோசை, வரிசை, இடைவேளை, பக்கத்துப் பிள்ளை எழுதுவதைப் பார்த்துத் தானும் எழுதுவது என்று பாடசாலையில் சத்தமில்லாமல் தாங்கிநின்ற முட்டுகள் அகற்றப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்தது வட்ஸ்அப் குழு. ஆசிரியர் பயிற்சித்தாளைப் படமெடுத்து அனுப்புவார், குரற்பதிவில் விளக்குவார். ஸ்மார்ட் போன் தகப்பனிடம் இருந்தால் அவர் தோட்டத்தால் வரும்வரை பாடம் காத்திருக்கும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் சாதாரணதரம் எழுதும் அக்காவுக்கே முதலிடம். கடைசிப் பிள்ளையின் முறை வரும்போது இரவாகியிருக்கும், டேற்றாவும் முடிந்திருக்கும். குடிசனமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குப்படி 2019 இல் நாட்டின் வீடுகளில் ஐந்தில் ஒன்றைச் சற்றே தாண்டிய வீடுகளில்தான் ஏதாவதொரு கணினி இருந்தது. நேத்ரா தொலைக்காட்சியின் தமிழ்ப் பாடங்கள் ஓரளவு உதவின. ஆனால் தொலைக்காட்சி பராக்குப் பார்க்கும் பிள்ளையைப் பேர்சொல்லிக் கூப்பிடாது.

மறுபக்கமும் உண்டு. கொழும்பின் மாடி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத வளவும் பனங்கூடலும் செம்மண் தோட்டமும் இங்கே இருந்தன. பசுமையான இடத்தில் விளையாடிய பின் இப்பிள்ளைகளின் கவனம் சற்றுத் தெளிவதாக அமெரிக்காவில் குவோ, ரெய்லர் ஆகியோர் செய்த சிறிய ஆய்வுகள் காட்டின. வெங்காயத்துக்குத் தண்ணி மாறுவது, கோழிக்குத் தீன் வைப்பது போன்ற, உடல் அசையும், பலன் உடனே கண்ணுக்குத் தெரியும் வேலைகளில் இப்பிள்ளைகள் சோர்வதில்லை என்று கருதவும் இடமுண்டு. ஆயினும் அறுத்த மரக்கறி சந்தைக்குப் போகாமல் கிடந்த நாட்களில் அந்தத் தோட்டமே வீட்டுக் கவலையின் ஊற்றாகவும் இருந்தது.

ஆய்வுகள் கண்ட மூன்று வழிகள்

பெருந்தொற்றின் முதல் மாதங்களில் பல நாடுகளில் விரைந்து ஆய்வுகள் நடந்தன. சீனாவில் ஏறத்தாழ 240 பெற்றோரிடம் கேட்டபோது, இக்குறைபாடுள்ள பிள்ளைகளின் அறிகுறிகள் வழமையைவிட மோசமாகியிருந்தன. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 2020 மார்ச்சில் தொடங்கிய தொடராய்வில், பொதுவாகவே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் அமைதியின்மையும் கவனச் சிதறலும் முடக்க காலத்தில் ஏறி, பாடசாலை திறந்ததும் இறங்கின. பிரான்சில் இக்குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 538 பேரிடம் நடத்திய கருத்தாய்வின் முடிவு சற்று வேறு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் மோசமாகினர், ஒரு பங்கினர் மாறவில்லை, ஒரு பங்கினர் முன்னைவிட நன்றாக இருந்தனர். நன்றாக இருந்தோரின் பெற்றோர், காலையில் அவசரப்பட வேண்டியதில்லை, பிள்ளை தன் வேகத்தில் படிக்கலாம், வகுப்பில் ஏச்சு வாங்கும் அச்சமில்லை என்று காரணம் சொன்னார்கள்.

இவற்றைப் பெரிதுபடுத்திக் கொள்ளக்கூடாது. இணைய இணைப்பும் நேரமும் உள்ளவர்களே இத்தகைய கருத்தாய்வுகளுக்குப் பதிலளிப்பார்கள். சோர்ந்துபோன தாய் பிள்ளையை மதிப்பிடும்போது தன் சோர்வையும் சேர்த்தே மதிப்பிடுவாள். ஆசிரியரின் கண் முற்றிலும் இல்லை. ஆனாலும் இந்த மூவழிப் பிரிவு முன்சொன்ன நிலைப்பாடுகள் எல்லாவற்றுக்கும் சங்கடம் தருகிறது. மூளையே முழுக் காரணமென்றால் இடம் மாறியதால் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகியிருக்க முடியாது. பாடசாலையே காரணமென்றால் இன்னொரு பங்கினர் மோசமாகியிருக்கக் கூடாது. ஒரே வீட்டில், அதே பெற்றோரின் கையில் சில வாரங்களில் நிலை மாறியதை வளர்ப்பு மட்டும் விளக்காது. பிள்ளையின் இயல்புக்கும் அதனிடம் கேட்கப்படுவதற்கும் அதற்குக் கிடைக்கும் தாங்கலுக்கும் இடையிலுள்ள பொருத்தமே பாதிப்பின் அளவைத் தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கு இம்முடிவுகள் கூடுதலாக ஒத்துப்போகின்றன.

அறிவுரைகளும் அவற்றின் எல்லையும்

2020 இல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று கொவிட் காலத்துக்கென வழிகாட்டலை வெளியிட்டது. நாளாந்த ஒழுங்கைப் பேணுதல், முக்கியமான சில விதிகளை மட்டும் தெளிவாக வைத்தல், பாராட்டை முன்னிறுத்துதல், மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவோ கூட்டவோ செய்யாதிருத்தல் என்பன அதன் சாரம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் துணைநின்ற குழு ஒன்று, பெற்றோருக்கான எளிய துண்டுக் குறிப்புகளைப் பல மொழிகளில் பரப்பியது. பிள்ளையோடு தனியாகச் சிறிது நேரம், நல்ல நடத்தையை வாய்விட்டுச் சொல்லுதல், கோபம் வரும்போது சற்று விலகி நிற்றல் என்று அவை போயின.

இவை அனைத்தும் ஆய்வுக்கு ஒத்தவை. சிக்கல் அவை எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டன என்பதில் இருக்கிறது. தனி அறை, ஓய்வுள்ள ஒரு பெரியவர், தொலைபேசியில் கிடைக்கும் மருத்துவர் ஆகியவை அங்கு எடுகோளாக உள்ளன. கணவனை இழந்து தோட்டக் கூலிக்குப் போகும் தாயிடம் நாளாந்த ஒழுங்கைப் பேணச் சொல்வது, வேறு யாரும் செய்யாததை அவளைச் செய்யச் சொல்வதாகவே முடியும். இக்குறைபாடு மரபுவழி வருவதென்பதால், ஒழுங்கு காக்கச் சொல்லப்படும் பெற்றோரிலேயே சிலருக்கு அதே சிரமம் இருக்கும் என்பதையும் அறிவுரைகள் போதியளவு கருதவில்லை. அப்பம்மா, அம்மம்மா, சின்னம்மா என்று பிள்ளையை மாறிமாறிப் பார்க்கும் பழக்கம் எமது பலம். நோய் முதியவர்களைக் கொல்லும் என்ற அச்சம் முதலில் அந்தப் பலத்தையே தொட்டது.

மருத்துவத் தொடர்பும் அறுந்து போகாமல் நூலில் தொங்கியது. புத்தூரில் மெதடிஸ்த மிசனின் சென் லூக்ஸ் வைத்தியசாலை உண்டு. ஆனால் சிறுவர் உளநலச் சேவைக்கு யாழ். போதனா வைத்தியசாலை போன்ற பெரிய நிலையங்களையே நாடவேண்டும். ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அரசு செய்தது. மருந்து வீடு வந்தாலும், அது பொருந்துகிறதா என்று பார்க்கும் கண் வரவில்லை. 2022 இல் பொருளாதாரம் சரிந்து, மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் இன்மையும் பாடசாலை மூடலும் ஒன்றாக வந்தபோது, தொற்றுக்காலம் ஒத்திகை போலாயிற்று.

தீராமல் நிற்பவை

நிலைப்பாடுகளை எடைபோட்டால் சில முடிவுகளுக்கு வரலாம். கவனக் குறைபாட்டின் அடிப்படையில் மரபுக்கும் மூளை வளர்ச்சிக்கும் பெரும்பங்கு உண்டு என்பது உறுதியாகவே தெரிகிறது. பெற்றோரின் பிழையால் அது வருகிறது என்பதற்குச் சான்று மெலிது. அடி அதைத் தீர்ப்பதில்லை. முரண்டைக் கூட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். அது எவ்வளவு பாதிக்கும் என்பது பிள்ளையைச் சுற்றியுள்ள ஒழுங்கிலும் தாங்கலிலும் தங்கியிருக்கிறது. பெருந்தொற்று அந்தத் தாங்கலில் எவ்வளவைப் பாடசாலை சுமந்தது என்பதை வெளிச்சமாக்கியது. அதைத் திடீரென்று வீட்டுக்கு மாற்றியவர்கள், வீட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கேள்வி பெற்றோரைக் குறைசொல்லும் முன் கேட்கப்பட வேண்டியது.

தீராதவை மூன்று. வீட்டில் நன்றாக இருந்த பிள்ளைகளுக்கு உதவியது எது என்பது முதலாவது. சிறிய குழுவா, நேரத் தளர்வா, ஒப்பிடுவோர் இல்லாமையா என்று தெரிந்தால் அதில் சிலவற்றை வகுப்பறைக்கே கொண்டுபோகலாம். அமைதியாகப் பராக்குப் பார்த்தபடி பின்தங்கும் பெண்பிள்ளைகள் இரண்டாவது. ஸ்டில்லின் காலத்திலிருந்தே கணக்கில் குறைவாக வரும் அவர்கள், குரல் மட்டும் வரும் இணையவழி வகுப்பில் இன்னும் ஆழமாக மறைந்திருக்கலாம்.

மூன்றாவது எல்லாவற்றிலும் கடினமானது. இன்றைய அளவுகோலின்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பாடசாலை போன்ற இரண்டு இடங்களிலாவது காணப்படவும் வேண்டும். 2020 சனவரியில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை முதல் மூடலுக்கு முன் இரண்டு மாதம் மட்டுமே வகுப்பில் இருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டாவது இடமே பெரும்பாலும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை இன்று வகுப்பில் இருப்புக்கொள்ளாமல் தவித்தால், அது பிறவிச் சிரமமா, பழகாத பழக்கமா என்று பிரிக்க உதவும் ஆசிரியர் பதிவு அந்த ஆண்டுகளுக்கு இல்லை. அவசரப்பட்டு நோய்ப்பெயர் சூட்டுவதும், கொரோனா காலத்துப் பிள்ளைதானே என்று விட்டுவிடுவதும் இரண்டும் பிழையாகலாம். பெயர் முடிவாகும்வரை காத்திராமல் இரு சாராருக்கும் பொருந்தும் உதவியைத் தொடங்கலாம். முன்வாங்கில் இடம், துண்டு துண்டாக வேலை, எழும்பி நடக்க அனுமதி, தாய்க்கும் ஆசிரியருக்கும் இடையே கிழமைக்கொரு பேச்சு ஆகியவற்றால் எந்தப் பிள்ளைக்கும் கேடில்லை. பயன் கிடைத்ததா என்பதை அடுத்த சில ஆண்டுகளின் வகுப்பறைப் பதிவுகளைக் கொண்டே மதிப்பிட வேண்டியிருக்கும்.